கோஷம் குறைந்துவிட்டது என்று வருத்தப்படுபவர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், ராப்பும் ராக்கும் கலந்து அரசியல் பாடும் அமெரிக்கக் குழுவான ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷினின் இரண்டாவது ஆல்பமான 'ஈவில் எம்பயர்' பற்றி வாசகர்கள் எழுதிய கருத்துகளை ஒரு முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் இப்படி ஒரு பக்கம் வரும் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை, அதற்கு முதலில் நன்றி. காலையில் டீ குடிக்கும்போது பிரித்தவன் டீ ஆறிப்போகும் வரை கீழே வைக்கவில்லை. ஆனால் படித்து முடித்தபோது மனசு சங்கடமாகிவிட்டது, ஏனென்றால் எழுதியவர்களில் பெரும்பாலானோர் ஒரே விஷயத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்தார்கள்: முதல் ஆல்பம் நெருப்பு, இரண்டாவது அதன் புகை. சேர்ந்து கத்துவதற்கு ஒன்றும் இல்லை, பாட்டுக்குப் பாட்டு வித்தியாசம் தெரியவில்லை, கிட்டாரில் என்னவோ இயந்திரச் சத்தம் வருகிறது, மெக்சிகோ விவகாரம் நமக்கெதற்கு. இந்த ஆல்பத்தோடு கிட்டத்தட்ட முப்பது வருஷம் வாழ்ந்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னத் திருத்தத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டிச் செய்தியில் ஆல்பம் வெளிவந்த ஆண்டு 1999 என்று இருக்கிறது. 'ஈவில் எம்பயர்' வெளிவந்தது 1996 ஏப்ரல் 16. முதல் ஆல்பம் 1992 நவம்பர். இடையில் மூன்றரை வருஷம். அந்த இடைவெளியில் குழுவுக்குள் சண்டை, உடைந்துவிடும் என்ற பேச்சு எல்லாம் இருந்தது. அதையெல்லாம் தாண்டி வந்த ஆல்பம் இது என்று தெரிந்து கேட்டால் காது வேறு மாதிரி வேலை செய்யும்.

என் கைக்கு இது வந்தது அந்த வருஷக் கோடை விடுமுறையில். பாண்டிச்சேரியில் பல வீடுகளில் இருப்பது போல எங்கள் வீட்டிலும் பாதிப் பேர் பிரான்சில்தான். பாரிஸ் பக்கத்தில் இருந்து மாமா குடும்பத்தோடு வந்திருந்தார். மாமா பையனுக்கு என் வயசுதான், அப்போது நான் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். அவன் பெட்டியில் சாக்லெட், சென்ட் பாட்டில்களுக்கு நடுவில் இரண்டு கேசட்டுகள். ஒன்று முதல் ஆல்பம், இன்னொன்று அப்போதுதான் வந்திருந்த இரண்டாவது. "இதக் கேளு மச்சான், இங்கிலீஷ் புரியலன்னாலும் பரவால்ல" என்று இரண்டையும் என்னிடமே விட்டுவிட்டுப் போனான்.

இங்கிலீஷ் உண்மையிலேயே புரியவில்லை. அந்த வேகத்தில் ஸாக் டி லா ரோச்சா பாடினால் அமெரிக்காவில் பிறந்தவனுக்கே பாதிதான் பிடிபடும், முதலியார்பேட்டைப் பையனுக்கு எங்கே. அதனால் எனக்கு முதலில் வந்து சேர்ந்தது டிரம்ஸும் பேஸ் கிட்டாரும்தான். பிராட் வில்க் அடிக்கும் அடி, டிம் காமர்ஃபோர்டின் பேஸ், இரண்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு நடக்கும், நடுவில் இடைவெளி விடும், அந்த இடைவெளியில் நம் தலை தானாக ஆடும். எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டரில் ஒரு ஸ்பீக்கர்தான் வேலை செய்யும், அதிலும் பேஸ் வந்தால் முன்பக்கக் கம்பி வலை கடகடவென்று அதிரும். நான் அதன் மேல் ஒரு விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே கேட்பேன்.

அப்பா மில் தொழிலாளி. ஊரில் மில் சங்குதான் எங்களுக்குக் கடிகாரம். ஒரு நாள் மத்தியானம், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து வாசற்படியில் நின்றார். டாம் மொரெல்லோவின் கிட்டார் மேலே ஏறி ஏறி அலறிக்கொண்டிருந்தது. திட்டப்போகிறார் என்று சத்தத்தைக் குறைக்கப் போனேன். "என்னடா இது, மில்லு சங்கு ஊதற மாதிரியே இருக்கு" என்றார். அப்புறம் ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். இசை விமர்சகர்கள் எத்தனையோ எழுதியிருக்கலாம், அந்தக் கிட்டாரைப் பற்றி அதைவிடச் சரியான ஒரு வரியை நான் இன்னும் கேட்கவில்லை.

தாத்தா விஷயத்தையும் சொல்ல வேண்டும். அவர் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்தவர், இளமைக் காலத்தில் பல வருஷம் சைகோனில் இருந்துவிட்டு வந்தவர். முதல் ஆல்பத்தின் உறையில் இருக்கும் படம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 1963 ஜூனில் சைகோன் நடுத்தெருவில் திக் குவாங் துக் என்ற புத்த பிக்கு உட்கார்ந்த நிலையில் எரிந்துகொண்டிருப்பது, மால்கம் பிரௌன் எடுத்த புகைப்படம். தாத்தா அந்தக் கேசட் அட்டையைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணுக்கு வெகு அருகில் பிடித்துப் பார்த்தார். பிக்குவைப் பார்த்ததை விட, பின்னால் நிற்கும் காரையும் தெருவையும்தான் அதிக நேரம் பார்த்தார். "இது சைகோன்" என்று மட்டும் சொன்னார். கேசட்டைத் திருப்பிக் கொடுக்காமல் அன்றைக்கு முழுக்கத் தன் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். எங்கோ அமெரிக்காவில் நாலு பேர் போட்ட பாட்டு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது இப்படித்தான். இது நமக்குச் சம்பந்தமில்லாத சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் எனக்கு ஏன் உடனே கோபம் வருகிறது என்று இப்போது புரியும் என்று நினைக்கிறேன்.

சரி, கத்துவதற்கு ஒன்றும் இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன், பலரும் எழுதியது இதைத்தான். முதல் ஆல்பத்தில் கத்துவதற்கு இருக்கிறது, உண்மை. 'கில்லிங் இன் தி நேம்' பாட்டின் கடைசியில் ஒரே வரியை விடாமல் திருப்பித் திருப்பிச் சொல்லி உச்சத்துக்குப் போகும் அந்த இடத்தில் கத்தாமல் இருந்தவர்கள் யாரும் இருக்க முடியாது. 2009இல் இங்கிலாந்தில் ரசிகர்கள் எல்லாம் சேர்ந்து வாங்கி, பதினேழு வருஷப் பழைய அந்தப் பாட்டைக் கிறிஸ்துமஸ் வாரத்தின் முதலிடத்துக்கே கொண்டுபோனார்கள். நானும் கத்தியிருக்கிறேன், தொண்டை கட்டும் அளவுக்கு.

ஆனால் நான் மில் கேட் கூட்டங்களைப் பார்த்து வளர்ந்தவன். சின்ன வயசில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அப்புறம் நானே போய் நின்றிருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் ஜூலை 30 அன்று ஊரில் தியாகிகள் நாள். 1936இல் பிரெஞ்சு அரசின் போலீஸ் மில் தொழிலாளர்கள் மேல் சுட்டு, 12 பேர் இறந்த நாள் அது. அடுத்த வருஷமே எட்டு மணி நேர வேலை என்பது இங்கே சட்டமானது. அந்தக் கூட்டங்களில் முதலில் கோஷம் போடுவார்கள். ஒருத்தர் முதல் பாதியைச் சொல்ல மற்றவர்கள் மறு பாதியைச் சொல்ல, உடம்பு சிலிர்க்கும். அதற்குப் பிறகு ஒருவர் எழுந்து நிற்பார், பெரும்பாலும் ஒல்லியாக, குரலும் பெரிசாக இல்லாதவர், கையில் ஒரு தாள் வைத்திருப்பார். இத்தனை தறி ஓடுகிறது, இத்தனை பேருக்குப் பஞ்சப்படி பாக்கி, போனஸில் இந்தக் கணக்கு இப்படிக் குறைந்திருக்கிறது என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போவார். அப்போது யாரும் கத்த மாட்டார்கள். பீடியைக் கூட அணைத்துவிட்டுக் கேட்பார்கள். வீட்டுக்குத் திரும்பி வரும்போது அப்பா பேசிக்கொண்டு வருவது கோஷத்தைப் பற்றி இருக்காது, அந்தத் தாளில் இருந்த கணக்கைப் பற்றித்தான் இருக்கும்.

'ஈவில் எம்பயர்' எனக்கு அந்தத் தாள் வைத்திருந்த மனிதரைத்தான் ஞாபகப்படுத்துகிறது. முதல் ஆல்பத்தில் எதிரி ஒரு மொத்தை உருவம், அதிகாரம், போலீஸ், பொய் என்று. இரண்டாவதில் பெயர் சொல்லியே பேசுகிறார்கள். தலைப்பிலேயே தொடங்குகிறது அது. 1983இல் அமெரிக்க அதிபர் ரீகன் சோவியத் யூனியனை 'தீய சாம்ராஜ்யம்' என்று சொன்னார். அந்த வார்த்தையை எடுத்து அவர் நாட்டின் பக்கமே திருப்பி வைத்தார்கள். முதல் பாட்டு 'பீப்பிள் ஆஃப் தி சன்' ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஸ்பானியப் படையெடுப்பில் இருந்து தொடங்கி, மெக்சிகோவின் சியாபாஸ் மலைக்காட்டில் எழுந்த ஸபாட்டிஸ்டாக்கள் என்ற பழங்குடிக் கிளர்ச்சியாளர்கள் வரைக்கும் இரண்டரை நிமிஷத்தில் வந்துவிடுகிறது. அவர்கள் எழுந்தது 1994 ஜனவரி 1, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையிலான தடையற்ற வணிக ஒப்பந்தம் அமலுக்கு வந்த அதே நாள். மக்காச்சோளம் போட்டுப் பிழைக்கும் பழங்குடி விவசாயிகளுக்கு அந்த ஒப்பந்தம் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஸாக் சும்மா செய்தித்தாள் படித்துவிட்டு எழுதவில்லை, சியாபாஸுக்கே நேரில் போய் அந்த மக்களோடு இருந்துவிட்டு வந்தவர். 'டவுன் ரோடியோ' என்றால் பெவர்லி ஹில்ஸில் பெரும் பணக்காரர்கள் துணிமணி வாங்கும் ரோடியோ டிரைவ் என்ற தெரு. தெருப் பெயர் சொல்லிப் பேசும் கோபத்தைக் கூட்டமாகச் சேர்ந்து கத்துவது கஷ்டம்தான். உட்கார்ந்து கேட்க வேண்டியது அது.

பாடுகிற விதமும் அதற்குத் தக்கபடி மாறியிருக்கிறது. முதல் ஆல்பத்தில் குரல் டிரம்ஸுக்கு மேலே ஏறி நின்று பேசும். இதில் தாளத்துக்குள் நுழைந்து, அடிக்கும் அடிக்கும் நடுவில் வார்த்தைகளைச் சொருகுகிறார். ராப் என்ற முறையில் பார்த்தால் இரண்டாவதுதான் மேல், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முன்பு அவர் ராப் பாடத் தெரிந்த ராக் பாடகர், இதில் முழு ராப் பாடகர். ஒலிப்பதிவும் வேறு, தயாரிப்பாளர் பிரெண்டன் ஓ'பிரையன். பளபளப்பு குறைவு, எல்லாம் வறண்டு, காதுக்குப் பக்கத்தில் கேட்கும். பெரிய ஸ்டுடியோவின் மினுமினுப்பு வேண்டாம் என்று ஒத்திகை பார்க்கும் இடத்திலேயே பதிவு செய்திருக்கிறார்கள். பாட்டுக்குப் பாட்டு வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதிய வாசகர் ஒரே ஒரு தடவை நல்ல ஹெட்போனில், இரவில், டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பார்க்கட்டும். போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு இந்த ஆல்பத்துக்குத் தீர்ப்பு எழுதுவது நியாயம் இல்லை.

கிட்டாரில் இயந்திரச் சத்தம் என்பது பற்றி. முதல் ஆல்பத்தின் உறையிலேயே சாம்பிள் (வேறு பதிவில் இருந்து வெட்டி ஒட்டும் சத்தம்), கீபோர்டு, சிந்தசைசர் எதுவும் பயன்படுத்தவில்லை என்று அச்சடித்திருந்தார்கள். இரண்டாவதிலும் அதே பிடிவாதம்தான். 'புல்ஸ் ஆன் பரேடு' பாட்டின் நடுவில் டிஜே ஒருவர் இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்ப்பது போல ஒரு சத்தம் வருமே, அது வெறும் கிட்டார். எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்திகளுக்குக் கீழே பிக்-அப் என்று சத்தத்தை வாங்கும் காந்தங்கள் இருக்கும். இரண்டு பிக்-அப் இருந்தால், எதில் இருந்து சத்தம் போக வேண்டும் என்று மாற்ற ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். மொரெல்லோ ஒரு பிக்-அப்பின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்துக்கொள்கிறார், இன்னொன்று முழுச் சத்தத்தில். இடது கையால் தந்திகளை மேலும் கீழும் தேய்த்துக்கொண்டே, வலது கையால் அந்தச் சுவிட்சைத் தாளத்துக்குத் தட்டுகிறார். சத்தம் வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு வருகிறது. அவ்வளவுதான் விஷயம், ஒரு கை, ஒரு சுவிட்ச், கூடவே காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றும் வா-வா பெடல்.

இதை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் என் நண்பர் ஒருவர், ஞாயிறு பூசைக்குப் பாடும் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர். அவருடைய குழுவில் கிட்டார் வாசிக்கும் பையனிடம் கிட்டாரை வாங்கி, ஒரு மழை நாள் சாயந்திரம் பழைய ஆம்பிளிஃபையரில் சொருகி, நாங்கள் மூன்று பேரும் மாற்றி மாற்றி முயன்று பார்த்தோம். சத்தம் வந்தது. ஆனால் தாளத்தில் வரவில்லை. சுவிட்சைத் தட்டும் விரல் ஒரு டிரம்ஸ்காரனின் விரலாக இருக்க வேண்டும் என்றார் நண்பர். கடைசியில் நான் தந்தியைத் தேய்க்க, அவர் சுவிட்சைத் தட்ட, நாலு விநாடி சரியாக வந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்கள். மொரெல்லோ ஹார்வர்டில் அரசியல் படித்துவிட்டு வந்த மனிதர், அப்பா கென்யாக்காரர், அம்மா வெள்ளைக்காரப் பள்ளி ஆசிரியை. அவர் தந்தியில் இத்தனை வருஷம் தேய்த்துக் கண்டுபிடித்த சத்தத்தை 'என்னவோ மெஷின்' என்று ஒரே வரியில் தள்ளிவிடாதீர்கள்.

பெரிய கம்பெனிக்குப் பாட்டு விற்றுக்கொண்டு புரட்சி பேசலாமா என்று கடலூர் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். இவர்கள் ஆல்பத்தை வெளியிட்டது எபிக், அது சோனிக்குச் சொந்தமான கம்பெனி. ஆல்பம் வந்த உடனே அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கும் போனது. இதில் ஒரு நெருடல் இருக்கிறது, நானும் பல தடவை யோசித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கம்பெனி இல்லாவிட்டால் பாரிஸ் கடையில் அந்தக் கேசட் இருந்திருக்காது, முதலியார்பேட்டைக்கு வந்திருக்காது, என் தாத்தா அந்தப் படத்தைப் பார்த்திருக்க மாட்டார். அப்புறம், கம்பெனியோடு இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. ஆல்பம் வருவதற்கு மூன்று நாள் முன்னால், 1996 ஏப்ரல் 13, 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்க டிவி நிகழ்ச்சியில் இரண்டு பாட்டுப் பாட வேண்டும். அன்றைக்கு நிகழ்ச்சியை நடத்தியவர் ஸ்டீவ் ஃபோர்ப்ஸ், பெரும் பணக்காரர், அதிபர் வேட்பாளர் ஆக முயன்றவர். இவர்கள் ஆம்பிளிஃபையர்கள் மேல் அமெரிக்கக் கொடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். பாட்டுத் தொடங்குவதற்கு முன் நிகழ்ச்சிக்காரர்கள் கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள், ஒரு பாட்டோடு குழுவை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆல்பம் விற்க வேண்டிய வாரம் அது. விற்பனைதான் முக்கியம் என்று நினைக்கிறவன் அந்த வாரத்தில் அதைச் செய்ய மாட்டான்.

மெக்சிகோ விவகாரம் நமக்கெதற்கு என்பதற்கு ஒரே ஒரு பாட்டை வைத்துச் சொல்கிறேன். எட்டாவது பாட்டு, 'வித்தவுட் எ ஃபேஸ்'. மெக்சிகோவில் இருந்து பிழைப்புத் தேடி எல்லை தாண்டி வருபவனைப் பற்றியது. இந்தப் பாட்டு வந்த காலத்தில்தான் அந்த எல்லையில் வேலியைக் கூட்டி, காவலைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆள் காய்கறி பறிப்பான், வீடு கட்டுவான், தட்டுக் கழுவுவான், ஆனால் அவனுக்கு அங்கே முகம் கிடையாது. இந்தப் பாட்டின் அர்த்தம் எனக்கு 1996இல் புரியவில்லை, அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தும் பாதிதான் புரிந்தது. சில வருஷம் கழித்து என் மனைவியின் தம்பி, கடலூர் பழைய டவுன் பக்கம், வளைகுடாவுக்கு வேலைக்குப் போனான். இறங்கிய அன்றே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சொன்ன வேலை ஒன்று, கொடுத்த வேலை வேறு. பதினெட்டு மாசம் கழித்து அவன் திரும்பி வந்தபோது நான்தான் சென்னை ஏர்போர்ட்டுக்குப் போனேன். கூட்டத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டான், எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு இளைத்திருந்தான். "அத்தான், நான்தான்" என்று திரும்பி வந்து கையைப் பிடித்தான். ஈசிஆர் வழியாகக் காரில் வரும்போது மரக்காணம் தாண்டும் வரை பேசவே இல்லை. அப்புறம் சொன்னான், அங்கே யாரும் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நம்பர்தான் என்று. அன்றைக்கு இரவு வீட்டுக்கு வந்து, எல்லோரும் தூங்கின பிறகு, அந்த எட்டாவது பாட்டைப் போட்டேன். அகராதி தேவைப்படவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம், விழுப்புரம், கடலூர் எங்கே கேட்டாலும் தெருவுக்கு ஒரு பையன் வெளிநாட்டில் இருக்கிறான். மெக்சிகோக்காரனின் கதை நம் கதை இல்லை என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

எல்லாமே பிரமாதம் என்று நான் வாதாட வரவில்லை. 'ரோல் ரைட்' எனக்கு இன்றைக்கும் ஒட்டவில்லை, முதல் பாதியில் சொன்னதையே இன்னும் சத்தமாகச் சொல்கிற மாதிரி இருக்கிறது. 'விண்ட் பிலோ'வில் பேஸ் நன்றாக இருக்கிறது, அதற்கு மேல் எனக்கு அதில் பிடிமானம் இல்லை. 'டயர் மி' பாட்டுக்கு 1997இல் சிறந்த மெட்டல் இசைக்கான கிராமி விருது கொடுத்தார்கள். மூன்று நிமிஷத்துக்கு ஓயாத அடி, விருது கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை, ஆனால் இந்த ஆல்பத்தில் எனக்கு நெருக்கமான பத்துப் பாட்டைச் சொல்லச் சொன்னால் அது பின்னால்தான் வரும், இருப்பதே பதினொன்றுதான். முதல் ஆல்பத்தில் தளர்ந்த பாட்டு இதை விடக் குறைவு, அதை ஒத்துக்கொள்கிறேன்.

என் அண்ணன் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்தியபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். கானாவும் ராப்பும் ராக்கும் கலந்து சாதியைப் பற்றி நேராகப் பாடும் அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவள். அவளிடம் இரண்டு ஆல்பத்தையும் கொடுத்து, எதுவும் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து வந்தாள். "சித்தப்பா, ரெண்டாவதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா அதுல ஒரு பொம்பள குரலும் இல்லியே" என்றாள். 'ரிவால்வர்' பாட்டு, வீட்டுக்குள் கணவனிடம் அடி வாங்கும் ஒரு பெண்ணைப் பற்றியது, மெதுவாகத் தொடங்கி வெடிக்கும். அதைப் பல வருஷமாகக் கேட்கிறேன், நல்ல பாட்டு என்று மட்டும் நினைத்திருந்தேன். அவள் சொன்னாள், அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு ஆண்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான், அவள் வாய் திறக்கவே இல்லை என்று. எனக்குப் பதில் இல்லை. முப்பது வருஷம் கேட்டவனுக்குத் தெரியாதது ஒரு வாரம் கேட்டவளுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த மாதிரிக் கருத்தைத்தான் உங்கள் பக்கத்தில் எதிர்பார்த்தேன். 'முதலாவது போல இல்லை' என்பது ஆல்பத்தைப் பற்றிய கருத்து ஆகாது, அது எதிர்பார்ப்பைப் பற்றிய கருத்து. இரண்டாவது குழந்தையைப் பார்க்கப் போனவர்கள் மூத்தவனைப் பற்றியே பேசிவிட்டு எழுந்து வந்த மாதிரி இருக்கிறது.

அதனால் எனக்கு உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மாதிரிப் பக்கம் போடும்போது, பாட்டு எதைப் பற்றியது, எந்த ஊர், எந்த வருஷம், என்ன நடந்தது என்று பாட்டுக்கு நாலு வரி கொடுத்துவிடுங்கள். இங்கிலீஷ் பிடிபடாத ஒரே காரணத்தால் அன்றைக்கு எனக்குப் பாதி ஆல்பம் கிடைக்காமல் போனது, நல்ல அகராதி ஒன்று வாங்கவே அடுத்த வருஷம் ஸ்டைபண்டு வரும் வரை காத்திருந்தேன். இப்போது வாசிக்கும் பையன்களுக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம். ஆல்பத்தின் உள் அட்டையில் குழுவினர் தாங்கள் படித்த புத்தகங்களை அடுக்கிப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், அதையும் ஒரு மூலையில் போட்டிருக்கலாம்.

அந்த 'ஈவில் எம்பயர்' கேசட் இன்னும் இருக்கிறது. தானே புயல் அடித்த 2011 டிசம்பரில் ஓடு பறந்து, கூரை வழியாக மழை இறங்கி, பீரோவில் இருந்த பாதிக் கேசட் போய்விட்டது. இது பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருந்ததால் தப்பித்தது. அட்டையில் இருக்கும் அந்த மேலங்கி போட்ட பையனின் முகம் மட்டும் ஈரம் பட்டு வெளுத்துவிட்டது. உங்கள் பக்கத்துக்குப் படம் வேண்டுமென்றால் எடுத்து அனுப்புகிறேன்.

அடுத்து இந்தக் குழுவின் மூன்றாவது ஆல்பத்தைப் பற்றியும் வாசகர் கருத்துக் கேட்கப் போவதாக அடியில் போட்டிருந்தீர்கள். கட்டாயம் எழுதுகிறேன். 1999 என்ற ஆண்டை அந்தப் பக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது வந்தது 1999 நவம்பரில்தான்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
முதலியார்பேட்டை, புதுச்சேரி.